அத்தியாயம் 6: வடம் பிள்ளைகள் கையில்

கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் திருவண்ணாமலை மாட வீதிகளில் ஐந்து தேர்கள் ஓடுகின்றன. விநாயகர், முருகர், அண்ணாமலையார், பராசக்தி அம்மன், சண்டிகேஸ்வரர் என்பது வரிசை. அம்மன் தேரின் வடத்தைப் பெண்கள் பிடிக்கிறார்கள். கடைசியாக வரும் சண்டிகேஸ்வரர் தேர் சிறுவர்கள் இழுப்பது. எந்தத் தேர் ஆனாலும் அனுபவம் முதிர்ந்தவர்களின் இடம் சக்கரத்தடி, கையில் முட்டுக்கட்டை.

பேச்சுவழக்கில் முட்டுக்கட்டை என்றால் தடை. தேரடியில் அதற்கு வேறு பொருள். சக்கரத்தை எந்தப் பக்கம் திருப்ப வேண்டுமோ அதற்குத் தகுந்தபடி கட்டை விழுகிறது. வேகம் மிஞ்சினால் நிறுத்துகிறது. தேர் நகர வேண்டிய கணத்தில் சட்டென்று உருவப்படுகிறது. உருவத் தவறினால் எத்தனை பேர் இழுத்தாலும் தேர் அசையாது.

15 வயதுக்கும் 21 வயதுக்கும் இடையில் நிற்கும் ஒருவர் பொறுப்பேற்கப் பழகும்போது, அருகில் இருக்கும் பெரியவரின் வேலை இந்தச் சக்கரத்தடி வேலைதான். பெற்றோர், ஆசிரியர், தெருச் சங்கப் பொறுப்பாளர், விடுதிக் காப்பாளர், நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர் என யாராக இருந்தாலும், கட்டையை எங்கே வைப்பது, எப்போது எடுப்பது என்ற இரண்டையும் கற்க வேண்டியிருக்கிறது. இரண்டாவது கடினம். இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதி அதைப் பற்றியதே.

செய்முறையை விளக்க ஒரே ஒரு பணி எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது: பௌர்ணமி இரவில் கிரிவலப் பாதையில் நடத்தும் தண்ணீர்ப் பந்தல். நூலகம், விளையாட்டுக் குழு, மாலைநேரப் படிப்பு மையம் என வேறு பணியை எடுப்பவர்களும் இதே வரிசையைப் பின்பற்றலாம்.

ஏன் பௌர்ணமிப் பந்தல்?

பௌர்ணமி ஆண்டுக்கு 12 முறை, சில ஆண்டுகளில் 13 முறை வருகிறது. இந்த மாதம் டம்ளர் போதவில்லை என்றால் அடுத்த மாதமே சரிசெய்து பார்க்கலாம். பள்ளி ஆண்டுவிழா போல ஆண்டுக்கு ஒருமுறை வரும் நிகழ்ச்சியில் இந்த வாய்ப்பு இல்லை. தவறு நினைவுக்கு வருவதற்குள் குழுவே கலைந்திருக்கும். தவிர, 14 கிலோமீட்டர் வெறுங்காலில் நடப்பவருக்குத் தண்ணீர் உண்மையாகவே தேவை. பயிற்சிக்காக உருவாக்கிய பொய் வேலைக்கும் தேவைக்காகச் செய்யும் வேலைக்கும் உள்ள வித்தியாசம் பிள்ளைகளுக்கு உடனே தெரிந்துவிடும்.

தொடங்க ஏற்ற மாதம் ஆனி. பள்ளி திறந்து வகுப்புகள் ஒரு நிலைக்கு வந்திருக்கும். சித்ரா பௌர்ணமியும் கார்த்திகை தீபமும் முதல் ஆண்டில் வேண்டாம். அந்த இரண்டு நாட்களின் கூட்டம் புதுக்குழு தாங்கும் அளவு அல்ல. மாசி, பங்குனியில் பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு விடுப்பு. அவர்கள் விட்ட இடத்தை 9, 11ஆம் வகுப்புப் பிள்ளைகள் நிரப்புவது அடுத்த அணிக்கு நல்ல தொடக்கமாகவும் அமையும்.

அன்னதானத்தில் தொடங்கக் கூடாது. அடுப்பு, கொதிக்கும் பாத்திரம், கெட்டுப்போகும் உணவு, உணவு பாதுகாப்புத் துறை அனுமதி என்று அதில் உயிரையும் சட்டத்தையும் தொடும் கண்ணிகள் அதிகம். தண்ணீர், குப்பை சேகரிப்பு, வழி தவறியவர்களுக்கான உதவி மேசை ஆகிய மூன்றில் ஒன்று போதும்.

முன்பே தெரிந்திருக்க வேண்டிய வயது வரம்புகள்

- 14 வயது நிறையாத குழந்தையை வேலைக்கு அமர்த்துவதைச் சட்டம் தடுக்கிறது. 14 முதல் 18 வரை உள்ளவர்களை ஆபத்தான தொழில்களில் ஈடுபடுத்தக் கூடாது. 2016ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் உள்ள நிலை இது. தொண்டு என்ற பெயரில் ஒரு கடைக்கோ நிறுவனத்துக்கோ சம்பளமில்லாத ஆட்களாகப் பிள்ளைகள் மாறிவிடாமல் பார்ப்பது பெரியவரின் பொறுப்பு.
- 16 வயதில் ஓட்ட அனுமதி கிடைப்பது 50 சிசிக்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டிக்கு மட்டும். மற்ற இருசக்கர வண்டிகளுக்கு 18 நிறைந்திருக்க வேண்டும். 18 நிறையாதவர் விதியை மீறி வண்டி ஓட்டினால் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் விதிக்க 2019ஆம் ஆண்டுத் திருத்தம் வழி செய்கிறது.
- 18 நிறையாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. வாடகைப் பந்தல், ஜெனரேட்டர், அனுமதி விண்ணப்பம் ஆகியவற்றில் கையெழுத்துப் போடுபவர் பெரியவராகவே இருக்க வேண்டும்.
- திருமண வயது பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21.
- வாக்குரிமை 18 வயதில். உள்ளாட்சித் தேர்தலில் போட்டியிட 21.

படிப்படியாக

படி 1. வேலையை உரித்துப் பார்த்தல்

"பந்தல் போடுறோம்" என்பது பெரியவரின் தலைக்குள் ஒரே வேலை. பிள்ளைகளுக்கு அது உரித்துக் காட்டப்பட வேண்டும். ஒரு தாளில் எழுதினால் ஏறத்தாழ இப்படி வரும்: இடம் பார்ப்பது, அனுமதி வாங்குவது, பணம் திரட்டுவது, தண்ணீர் வரவழைப்பது, டம்ளரும் கழுவும் ஏற்பாடும், விளக்கு, ஆட்களின் முறை, குப்பை, கணக்கு, மறுநாள் துப்புரவு. இதை எழுதும்போது பெரியவர் பேனாவைப் பிடிக்காமல் இருப்பது நல்லது. பிள்ளைகள் எழுதட்டும்; விட்டுப்போனது இருந்தால் ஒரு கேள்வியாகக் கேட்கலாம்: "ராத்திரி ரெண்டு மணிக்கு டம்ளர் யாரு கழுவுவாங்க?"

படி 2. ஆட்களைச் சேர்த்தல்

ஆறு முதல் எட்டு பேர் போதும். வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குபவரையும் மேடையில் பேசத் தெரிந்தவரையும் மட்டும் பொறுக்கும் பழக்கம் எங்கும் இருக்கிறது. அவர்களுக்கு வாய்ப்புகள் ஏற்கெனவே உண்டு. சைக்கிள் கடையில் மாலையில் உதவுபவர், பூக்கட்டும் வீட்டுப் பெண், ஜவ்வாது மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிப்பவர், தேர்வில் தோற்று வீட்டில் இருப்பவர் ஆகியோருக்கு யாராவது வந்து கேட்க வேண்டியிருக்கிறது. அறிவிப்புப் பலகையில் எழுதினால் அவர்கள் வரமாட்டார்கள். நேரில் போய்க் கேட்க வேண்டும்.

குழு ஒரே தெரு, ஒரே சாதி என்று அமைந்துவிடாமல் தொடக்கத்திலேயே கவனிக்க வேண்டும். தண்ணீர் கொடுக்கும் வேலையில் இது இரட்டிப்பு முக்கியம். யார் கொடுக்கிறார், யார் வாங்கிக் குடிக்கிறார் என்பதில் நம் ஊர்களுக்கு நெடிய வரலாறு உண்டு. குடங்களுக்கு அருகில் ஒரு பிரிவினர், குப்பைப் பைக்கு அருகில் ஒரு பிரிவினர் என்று முறை விழுந்தால் அன்றே மாற்றியாக வேண்டும். இந்த இடத்தில் கட்டை வைக்கத் தயங்கவே கூடாது.

படி 3. மூன்று பௌர்ணமி உடன் நடத்தல்

முதல் மூன்று மாதம் பிள்ளைகள் ஏற்கெனவே நடக்கும் பந்தல்களைப் பார்க்கிறார்கள், உதவுகிறார்கள், கேள்வி கேட்கிறார்கள். மலையுச்சியில் மகாதீபம் ஏற்றும் பணி பர்வதராஜ குலத்தினருக்கு உரியது; தலைமுறை தலைமுறையாக வருவது. மூத்தவர்களோடு கூட நடந்தே அந்தப் பணி கைமாறுகிறது. பந்தலுக்கும் அதே வழிதான்.

இந்தக் காலத்தில் ஒவ்வொருவரும் ஒரு சின்ன நோட்டில் மூன்று விஷயம் குறித்து வரலாம்: எந்த மணிக்குக் கூட்டம் அதிகம், எங்கே நெரிசல், எது வீணானது. அஷ்ட லிங்கங்களில் எந்தச் சன்னிதிக்கு அருகில் நடப்பவர்கள் உட்கார்ந்து ஓய்வெடுக்கிறார்கள் என்று பார்த்தாலே பந்தலுக்கான இடம் பற்றி அவர்களுக்கு ஒரு கருத்து உருவாகும்.

படி 4. ஒரு துண்டை முழுதாகக் கொடுத்தல்

நான்காம் மாதம் ஆளுக்கு ஒரு துண்டு. முழுத் துண்டு. தண்ணீர்ப் பொறுப்பு என்றால் எவ்வளவு தேவை என்ற கணக்கு, யாரிடம் வாங்குவது, விலை பேசுவது, நேரத்துக்கு வந்து சேருவது எல்லாம் அதில் அடக்கம். கேனைத் தூக்கி வைப்பது மட்டும் என்றால் அது பொறுப்பு இல்லை, எடுபிடி.

கணக்கு எளியது. 200 மில்லி டம்ளரில் ஒரு 20 லிட்டர் கேன் 100 பேருக்கு வரும். மணிக்கு 400 பேர் நின்று குடித்தால் 4 கேன். ஆறு மணி நேரத்துக்கு 24. கழுவுவதற்கான தண்ணீர் தனி. இந்தக் கணக்கைப் பெரியவர் போட்டுக் கொடுக்கக் கூடாது. கழுவும் தண்ணீரை மறந்துவிட்டு இரவு பதினோரு மணிக்கு அலைந்த பிள்ளை அதன் பிறகு எந்த ஏற்பாட்டிலும் அதை மறக்காது.

*குறிப்பு:* ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. பிளாஸ்டிக் டம்ளர், தண்ணீர் பாக்கெட் இரண்டும் அதில் அடங்கும். எவர்சில்வர் டம்ளரே நல்லது.

படி 5. யார் முடிவு என்பதை எழுதி ஒட்டுதல்

பெரும்பாலான குழுக்கள் உடைவது இந்த இடத்தில்தான். பொறுப்பு கொடுத்ததாகப் பெரியவர் நினைக்கிறார், அனுமதி கேட்க வேண்டும் என்று பிள்ளை நினைக்கிறது, அல்லது தலைகீழாக. ஒரு தாளை மூன்றாகப் பிரித்து எழுதிவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

- *பிள்ளைகள் தாங்களே முடிவு செய்வது:* முறை ஒதுக்கீடு, பந்தலின் அமைப்பு, பலகையில் எழுதும் வாசகம், ஒரு குறிப்பிட்ட தொகை வரையிலான செலவு.
- *கேட்டுவிட்டு முடிவு செய்வது:* இடமாற்றம், புது ஆட்கள், நன்கொடை வாங்குவது, படம் வெளியிடுவது.
- *பெரியவர் மட்டும் முடிவு செய்வது:* மின்சாரம், மழைநேரத்தில் நிறுத்துவது, இரவு வீடு சேர்ப்பது, காவல்துறையுடன் பேசுவது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்தத் தாளை எடுத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் மூன்றாம் பகுதியிலிருந்து ஏதாவது ஒன்றாவது இரண்டாம் பகுதிக்கும், இரண்டாம் பகுதியிலிருந்து ஒன்றாவது முதல் பகுதிக்கும் நகர்ந்திருக்க வேண்டும். ஓராண்டு ஆகியும் தாள் அப்படியே இருந்தால் பெரியவர் கட்டையை எடுக்க மறந்திருக்கிறார்.

படி 6. பணத்தை அவர்கள் கையில் கொடுத்தல்

பணம் இல்லாத பொறுப்பு பாதிப் பொறுப்பு. சிறு தொகையில் தொடங்கலாம். இருவர் சேர்ந்து வைத்துக்கொள்ள வேண்டும், ஒருவர் எழுத வேண்டும், எல்லாரும் பார்க்கும்படி கணக்கு இருக்க வேண்டும். 10 வயதுக்கு மேற்பட்டவர்கள் தங்கள் சேமிப்புக் கணக்கைத் தாங்களே இயக்க வங்கிகள் தங்கள் விதிகளுக்கு உட்பட்டு அனுமதிக்கின்றன. ஆனால் குழுவின் நன்கொடையை ஒரு பிள்ளையின் சொந்தக் கணக்கில் போடக் கூடாது. உண்டியல் குலுக்கி வழிப்போக்கர்களிடம் வசூலிப்பதும் வேண்டாம். தெரிந்த பத்துக் குடும்பங்களிடம் ரசீதோடு வாங்குவது போதும்.

நூறு ரூபாய் குறைந்தால்? முதல் கேள்வி "யாரு எடுத்தது?" என்று வந்துவிட்டால் அந்தக் குழு அன்றோடு முடிந்தது. "நோட்டுல எது எழுதாம விட்டுப்போச்சு, சேர்ந்து பாக்கலாமா?" என்று தொடங்கலாம். பெரும்பாலும் எழுத மறந்த ஆட்டோ கூலி கிடைக்கும்.

படி 7. தள்ளி நிற்றல்

முதலில் பந்தலுக்குள். பிறகு சாலையின் எதிர்ப்பக்கம். பிறகு நடந்து வரும் தூரத்தில், கைப்பேசியில். இப்படி மூன்று கட்டமாகப் பெரியவர் விலக வேண்டும். கூட்ட நேரத்தில் கைப்பேசி இணைப்பு நம்ப முடியாதது என்பதால், ஓடிவந்து கூப்பிட ஓர் ஆளும் சந்திக்க ஓர் இடமும் முன்பே பேசி வைத்திருக்க வேண்டும்.

தள்ளி நிற்பவருக்குக் கை துறுதுறுக்கும். பிள்ளை கூட்டத்தைச் சமாளிக்கும் விதம் தான் செய்வதைவிட மெதுவாக இருக்கும். அப்போது எந்தத் தவறில் தலையிடுவது என்பதற்கு ஒரு சிறு அளவுகோல் உண்டு. பணமோ நேரமோ வீணாகும் தவறு என்றால் பேசாமல் இருக்கலாம். யாராவது அவமானப்படும் தவறு என்றால் பிறகு தனியே கூப்பிட்டுச் சொல்லலாம். உடலுக்கு ஆபத்து என்றால் உடனே, சத்தமாக, யார் முன்னாலும் நிறுத்த வேண்டும். மூன்றாவதற்கு வைத்திருக்கும் குரலை முதலாவதற்குச் செலவழித்தால், தேவைப்படும் இரவில் அந்தக் குரலுக்கு மதிப்பு இருக்காது.

படி 8. மறுநாள் உட்கார்ந்து பேசுதல்

இரவு முழுக்க நின்றவர்களை விடிகாலையில் உட்கார வைத்து அறிவுரை சொல்லக் கூடாது. தூங்கி எழுந்து, மாலையில், டீயும் பஜ்ஜியுமாக அரை மணி நேரம் போதும். கேள்விகள் மூன்று: எது நல்லா போச்சு? எது சொதப்பிச்சு? அடுத்த தடவை எதை மாத்தணும்? பெரியவர் கடைசியாகப் பேச வேண்டும். அவர் முதலில் பேசினால் மற்றவர்கள் அதையே திருப்பிச் சொல்வார்கள். நம் வீடுகளில் வளர்ந்த மரியாதை அப்படி.

பாதுகாப்பு

1. *பெற்றோர் ஒப்புதல்.* 18 நிறையாத ஒவ்வொருவருக்கும் எழுத்தில். எத்தனை மணி வரை, யார் உடன் இருப்பார்கள், எப்படி வீடு சேர்வார்கள் என்பது அதில் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் "ஓகே" வந்தது போதாது.

2. *இரண்டு பெரியவர் விதி.* எந்த நேரத்திலும் குறைந்தது இரண்டு பெரியவர்கள். பெண் பிள்ளைகள் இருந்தால் அவர்களில் ஒருவர் பெண். ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு தனி அறையிலோ வண்டியிலோ இருக்கும் நிலை வரக் கூடாது. இது யார்மீதும் சந்தேகம் அல்ல. எல்லாருக்கும் பொதுவான விதி என்று முதல் நாளே சொல்லிவிட்டால் யாரும் வருத்தப்பட மாட்டார்கள். பாலியல் துன்புறுத்தல் பற்றித் தெரியவந்தால் குழுவுக்குள் பேசி முடிக்கக் கூடாது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம், மறைப்பது குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098, பெண்கள் உதவி எண் 181, அவசர எண் 112 மூன்றும் பந்தல் பலகையின் பின்பக்கம் எழுதியிருக்க வேண்டும்.

3. *மலை.* 2,668 அடி உயர மலை பக்கத்திலேயே நிற்பதால் பிள்ளைகளுக்கு ஏறத் தோன்றும். 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில், மலையடிவார வீடுகள்மீது மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஐவர் குழந்தைகள். அந்த ஆண்டு தீபத்தன்று பொதுமக்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. குழுவின் எந்த வேலைக்காகவும் யாரையும் மலைக்கு அனுப்பக் கூடாது. மரம் நடுவதில் ஆர்வமுள்ள இளையோரை, மலையில் காடு வளர்ப்பில் அனுபவமுள்ள தி ஃபாரஸ்ட் வே அறக்கட்டளை போன்ற அமைப்புகளிடம் அழைத்துப் போகலாம்.

4. *மின்சாரமும் ஈரமும்.* தண்ணீர் சிந்தும் இடத்தில் சீரியல் விளக்கு வேண்டாம். பேட்டரி விளக்கு போதும். இணைப்பு கொடுப்பவர் மின் பணியாளராக இருக்க வேண்டும்.

5. *நெரிசல்.* பந்தல் நடைபாதையை அடைக்கக் கூடாது. வாங்கும் முனையும் டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும் முனையும் தனித்தனியாக, நடக்கும் திசையிலேயே அமைய வேண்டும். எதிர்த்திசையில் ஆள் திரும்பி வரும்படி அமைந்தால் அங்கேயே முட்டல்.

6. *தூக்கம்.* 18க்குக் கீழ் உள்ளவர்களுக்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் முறை வேண்டாம். மறுநாள் பள்ளி இருந்தால் இரவு பத்து மணிக்குள் வீடு.

7. *வண்டி.* தண்ணீர் கேன் எடுத்துவர 17 வயதுப் பையனிடம் பைக் சாவியைக் கொடுப்பது இந்தப் பட்டியலில் அதிகம் மீறப்படும் விதி. ஒருமுறை கூடக் கூடாது.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

*அலங்காரமாக நிறுத்துவது.* விருந்தினர் வரும்போது வாசலில் பன்னீர் தெளிக்க இரண்டு பெண் பிள்ளைகள், வரவேற்புப் பாட்டுக்கு நான்கு பையன்கள், பேனரில் எல்லார் படமும். ராஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர் 1992இல் யுனிசெஃப் வெளியீடு ஒன்றில் பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக வரைந்தார். அதில் கீழ் மூன்று படிகளை அவர் பங்கேற்பாகவே கருதவில்லை: பிள்ளைகளைக் கருவியாக்குவது, அலங்காரமாக்குவது, பெயருக்குச் சேர்ப்பது. பன்னீர்ச் செம்பு இரண்டாம் படி. பிள்ளைகள் பெயர் அழைப்பிதழில் இருக்கிறதா என்பதை விட, அவர்கள் மறுத்திருந்தால் ஏதாவது மாறியிருக்குமா என்று கேட்டுப் பார்ப்பது சரியான சோதனை.

*பொறுப்பைக் கொடுத்துவிட்டுக் காணாமல் போவது.* "உங்க இஷ்டம்பா, எது வேணா பண்ணுங்க" என்பது சுதந்திரம் போலத் தெரியும். முதல் சிக்கலில் ஆள் இல்லை என்றால் பிள்ளை கற்பது தலைமை அல்ல, கைவிடப்படுதல்.

*கடைசி நேரத்தில் பிடுங்குவது.* பத்து நாள் பிள்ளைகள் செய்த ஏற்பாட்டைக் கவுன்சிலர் வருகிறார் என்றதும் பெரியவர்கள் கையில் எடுத்துக்கொள்வது. இதைவிட வேகமாக ஒரு குழுவைக் கலைக்கும் வழி வேறு இல்லை.

*நம் காலத்தோடு ஒப்பிடுவது.* "உன் வயசுல நான் தனியா பெங்களூர் போய் வேலை பாத்தேன்" என்ற கதை சொல்பவருக்கு இனிமை. கேட்பவருக்கு அதில் தன் இடம் எது என்று தெரிவதில்லை. அதே கதையில், முதல் மாதம் செய்த முட்டாள்தனமான செலவைச் சொன்னால் பிள்ளை நிமிர்ந்து கேட்கும்.

*ஒரே தலைவரை வளர்ப்பது.* சுறுசுறுப்பான ஒருவரிடமே எல்லாம் சேரும். அவருக்குக் களைப்பு, மற்றவர்களுக்குப் பழக்கமின்மை. மூன்று பௌர்ணமிக்கு ஒருவர் என்று சுற்றுமுறை வைக்கலாம்.

பெண் பிள்ளைகள் நின்றுபோகும் இடம்

15, 16 வயதில் முன்னால் நிற்கும் பெண்கள் 17இல் மெதுவாகக் காணாமல் போகிறார்கள். "ராத்திரி வேலை வேண்டாம்" என்று முதலில் வரும். பிறகு "படிப்பு இருக்கு". பிறகு வீட்டில் வரன் பேச்சு. இதில் முதல் காரணத்துக்கு மட்டுமே குழு நேரடியாகத் தீர்வு காண முடியும்: மாலை 5 முதல் 9 வரையிலான முறையையும், கணக்கு, அனுமதி, கொள்முதல் போன்ற பகல் வேலைகளின் தலைமையையும் அவர்களுக்கு உறுதிசெய்யலாம். ஆனால் பகல் வேலை என்றால் டம்ளர் கழுவுவது என்று ஆகிவிடக் கூடாது. கணக்கு நோட்டும் பணமும் அவர்கள் கையில் இருக்கட்டும்.

வீட்டோடு பேசும் வேலையைப் பிள்ளையின் தலையில் போடக் கூடாது. ஒரு பெண் பெரியவர் நேரில் போய் அம்மாவிடமும் பாட்டியிடமும் பேச வேண்டும். மகளின் கணக்கு நோட்டைக் கொண்டுபோய்க் காட்டுவது நூறு வார்த்தைகளுக்குச் சமம். அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட் 9 அன்று. விண்ணப்பம் கல்லூரி வழியாக. இந்தத் தகவல் சரியான வாரத்தில் வீட்டுக்குப் போய்ச் சேர்வது பல நேரங்களில் பேச்சின் திசையையே மாற்றுகிறது. 18 வயதுக்கு முன் திருமண ஏற்பாடு நடப்பது உறுதியாகத் தெரிந்தால் 1098க்கு அழைப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.

இல்லங்களில் வளர்ந்தவர்கள்

குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்த ஒருவருக்கு 18ஆம் பிறந்தநாள் கேக்கோடு மட்டும் வருவதில்லை. படுக்கை, சாப்பாடு, முகவரி மூன்றும் ஒரே நாளில் கேள்விக்குள்ளாகின்றன. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இவர்களுக்குப் பின்தொடர் பராமரிப்பு தருகிறது. விதிகளின்படி 21 வயது வரை, சிறப்புச் சூழ்நிலையில் மேலும் இரண்டு ஆண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை 17 வயதிலேயே அணுக வேண்டும். ஆதார், சாதிச் சான்று, மதிப்பெண் பட்டியல், வங்கிக் கணக்கு ஆகியவற்றை அதற்குள் சேர்த்து வைத்தால் பாதிச் சுமை குறையும். இவர்களைக் குழுவில் சேர்க்கும்போது வழக்கமான "பெற்றோர் கையெழுத்து" என்ற வரியை "பாதுகாவலர் கையெழுத்து" என்று மாற்றி அச்சிட வேண்டும். எல்லாருக்கும் அதே படிவம். சின்ன விஷயம்தான்; அந்த ஒரு வரியில் கண் பட்டதும் தாளை மடித்து வைத்துவிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பந்தலுக்கு வெளியே: ஊர்ப் பொறுப்பு

ஓராண்டு பந்தல் நடத்திய குழுவுக்குச் சாலைவிளக்கு எங்கே எரியவில்லை, குப்பைத் தொட்டி எங்கே இல்லை என்பது அத்துப்படி ஆகியிருக்கும். அந்த அறிவுக்கு ஒரு வழி வேண்டும்.

1. குறைகளைத் தேதி, இடம், படத்தோடு ஒரு பக்கத்தில் எழுதச் சொல்ல வேண்டும். ஒரு மனுவில் ஒரு கோரிக்கை.
2. நகரத்துப் பிள்ளைகள் தங்கள் வார்டின் பகுதி சபைக்கும், சுற்றுக் கிராமத்துப் பிள்ளைகள் கிராம சபைக்கும் போகலாம். கிராம சபை கூடும் நாட்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வாக்களிக்கும் உரிமை 18 வந்த பிறகுதான். ஆனால் போய் உட்கார்ந்து பார்ப்பதே ஒரு பாடம்.
3. மனு கொடுப்பவர் இளையவர். பெரியவர் பின் வரிசையில். அதிகாரி பெரியவரைப் பார்த்துப் பதில் சொன்னால் "அவங்கதான் சார் கேட்டாங்க" என்று சொல்லித் திருப்பிவிட வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தை முன்பே பழகிக்கொள்ளலாம்.
4. 17 நிறைந்ததும் படிவம் 6இல் வாக்காளர் பட்டியலுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 ஆகியவை தகுதி நாட்கள். குழுவில் யார் எந்தத் தகுதி நாளில் 18 ஆகிறார் என்று ஒரு பட்டியல் இருந்தால் யாரும் விடுபட மாட்டார்கள்.

கைமாற்றம்

20, 21 வயதில் பலர் ஊரை விட்டுப் போவார்கள்: சென்னை, ஓசூர், பெங்களூர், திருப்பூர். வேலை கிடைத்தது என்ற செய்தி வந்த வாரமே கைமாற்றத்தைத் தொடங்க வேண்டும். ரயிலேறிய பிறகு கைப்பேசியில் நடக்கும் கைமாற்றம் பாதியில் நிற்கும்.

போகிறவர் கொடுத்துவிட்டுப் போக வேண்டியவை: கணக்கு நோட்டு, தண்ணீர் தருபவர், பந்தல் வாடகைக்காரர், மின் பணியாளர் ஆகியோரின் எண்கள், அனுமதிக் கடிதங்களின் நகல், பொருள் பட்டியலும் அவை இருக்கும் இடமும், ஒவ்வொரு பௌர்ணமியிலும் எது சொதப்பியது என்ற குறிப்பு. கடைசியாகச் சொன்னது மற்ற நான்கையும் விடப் பயன்படும். பிறகு ஒரு பௌர்ணமி முழுவதும், புதிதாகப் பொறுப்பேற்கும் 16 வயதுக்காரர் நடத்த, போகிறவர் சாலையின் எதிர்ப்பக்கம் நிற்க வேண்டும். அந்த இரவில் முன்பு அங்கே நின்ற பெரியவர் வராமல் இருக்கலாம். வந்தால், நடக்க வந்தவர்களில் ஒருவராக வரிசையில் நின்று தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, டம்ளரை மறுமுனையில் கொடுத்துவிட்டுப் போகலாம்.